விசாரிக்க வந்தவர்கள்

பத்திரகாளி என்று பெயரை வைத்துக்கொண்டு, கடைத்தெரு மாடியில் ஓர் அறையைப் பிடித்து உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசி மட்டும் அனுப்பினால் கோவில்பட்டி என்ன நினைக்கும்? முதலில் பேய் ஓட்டுகிறவள் என்று நினைத்தது. ஒருவர் கையில் சேவலோடு படியேறி வந்து, "உடுக்கு நீங்களே அடிப்பீகளா, இல்ல ஆளு வருமா?" என்று கேட்டார். அப்புறம் டாக்டர் என்று நினைத்தது. டாக்டர் என்றால் ஊசி எங்கே, மாத்திரை எங்கே என்று சண்டைக்கு வந்தது. "வெறும் பேச்சுத்தானா? பேசிக் கொல்லுததுக்கு என் வீட்டுலயே ஒருத்தி இருக்கா" என்று ஒரு மிளகாய் வியாபாரி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் அவர் வீட்டில் இருந்த அந்த ஒருத்தி தனியாக வந்தாள்.

பத்திரகாளி மதுரையில் உளவியல் படித்தவள். பெங்களூரில் பயிற்சி எடுத்தவள். அதன் பிறகு ஓர் ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே டாக்டர் ஓர் ஆளைப் பார்க்கிற நேரத்துக்குள் ஒரு பீடியைக்கூடப் புகைத்து முடிக்க முடியாது. வாய் திறந்து பேச ஆரம்பித்தவனை மாத்திரைச் சீட்டோடு வெளியே அனுப்பிவிடுவார்கள். கேட்க ஆளில்லாத கதைகள் அந்த வராந்தாவில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தன. அதைப் பார்க்கப் பொறுக்காமல் வேலையை விட்டுவிட்டு, எண்பத்து மூன்றாம் வருடம் சொந்த ஊரில் போர்டு மாட்டினாள். "பத்திரகாளி, எம்.ஏ., மன ஆலோசகர்." மன ஆலோசகர் என்றால் யார் என்று ஊருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர் அதற்குக் கிறுக்கு மாடி என்று பெயர் வைத்துக்கொண்டது.

கீழே பிச்சையா பெண்களுக்கு ரவிக்கை தைக்கிற கடை வைத்திருந்தான். மாடிப்படி அவன் கடைக்குள்ளே, துணி வெட்டும் மேஜைக்குப் பின்னால் இருந்தது. அதனால்தான் அந்த அறையைப் பிடித்தாள். வருகிற பெண்கள் கையில் ஒரு ரவிக்கைத் துணியோடு வருவார்கள். துணியைப் பிச்சையாவிடம் கொடுத்துவிட்டுச் சத்தமில்லாமல் மேலே போவார்கள். இறங்கும்போது அதே துணியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

"ஏக்கா, ஊருக்குள்ள என் கடையிலதான் கூட்டம்னு பேரு. பாதித் துணியில நான் கத்திரியே வைக்கல" என்பான் பிச்சையா.

சோலையம்மாள் அப்படி வந்தவள்தான். நாகலாபுரத்துப் பக்கம் ஒரு கிராமம். அப்பா நல்லக்கண்ணுவுக்குப் பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் நிலம் இருந்தது. மழை பெய்தால் பெரிய மனிதர், பெய்யாவிட்டாலும் பெரிய மனிதராகவே நடந்துகொள்ள வேண்டிய குடும்பம். மூத்த மகளைக் கட்டிக் கொடுத்த ஊரில் அவள் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள். தீராத வயிற்றுவலி என்று போலீஸ் எழுதியது. பத்திரிகையிலும் அப்படியே வந்தது. இந்த ஜில்லாவில் கல்யாணமான பெண்களுக்கு மட்டும் அந்த வயிற்றுவலி வருகிறது. மருந்துக்கடையில் மருந்து கிடைக்காத வயிற்றுவலி. கிணறு பார்த்துப் போய் விழச் சொல்கிற வயிற்றுவலி. நல்லக்கண்ணுவும் அந்த வயிற்றுவலியை ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வீட்டில் இன்னொரு மகள் இருந்தாள். போலீஸ், கோர்ட் என்று போனால் இவளை யார் கட்டுவார்கள்?

அந்த இன்னொரு மகளுக்கு, பெண் பார்க்க ஆள் வருகிறது என்று சொன்னாலே பல் கிட்டிப்போயிற்று. கண் மேலே செருகிக் கீழே விழுந்தாள். கோடாங்கி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். தெருவே பின்னால் நடந்து போனது. அக்காக்காரிதான் வந்து பிடித்திருக்கிறாள் என்று கோடாங்கி சொன்னான். போலீசைவிட அவன் உண்மைக்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்துவிட்டான் என்று பின்னால் பத்திரகாளிக்குத் தோன்றியது. எலுமிச்சம்பழம் வெட்டினான், சாட்டையால் அடித்தான். அவள் மறுபடியும் விழுந்தாள். கடைசியில் யாரோ சொல்லி நல்லக்கண்ணு மகளை மாடிக்குக் கூட்டி வந்தார்.

முதல் சில வாரம் சோலையம்மாள் வாயே திறக்கவில்லை. தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். பத்திரகாளியும் எதையும் தோண்டவில்லை. ஒருநாள் போவதற்கு எழுந்தவள் கதவுப் பக்கம் நின்று, "எங்க அக்காவுக்கு வயித்துவலியே கெடையாது" என்றாள். அங்கிருந்து பேச்சு ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்கு மேல் பேசினாள். விழுவது நின்றது.

அடுத்த வருடம் எட்டயபுரத்தில் வாத்தியார் வேலை பார்க்கிற பையனுக்குப் பெண் கேட்டு வந்தார்கள். இவள் விழவில்லை. அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்தாள். வழக்கம்போலப் புதன்கிழமை வந்து அதை வரிசையாகச் சொன்னாள்.

"காப்பி கொண்டுபோய்க் குடுக்கும்போது கை நடுங்குச்சு. ஆனா விழல. மாப்பிள்ளை கொல்லைப் பக்கம் வந்து பேசணும்னாரு. நான் கேட்டேன், எங்க அக்காவப் பத்தித் தெரியுமான்னு. தெரியும்னாரு. வயித்துவலி இல்லன்னும் தெரியும்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன். எங்க ஐயா சொல்லல. நான் சொன்னேன்."

தன் பன்னிரண்டு வருடப் படிப்பிலும் வேலையிலும் பத்திரகாளி இதைவிடப் பெரிய பட்டம் எதையும் வாங்கியதில்லை. அன்று வீட்டுக்குப் போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போனாள். என்ன விசேஷம் என்று புருஷன் சங்கரபாண்டி கேட்டான். சொல்ல முடியாது என்றாள். அவனுக்கு அது பழகிப்போன பதில். பாதி அல்வாவை எடுத்துக்கொண்டான்.

வாத்தியாரின் அம்மா பெத்தம்மாள் விசாரிக்க வந்தது அதற்குப் பிறகுதான்.

கருப்பு அம்பாசிடர் கார் பிச்சையா கடை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. பெத்தம்மாளும் அவள் தம்பியும் இறங்கினார்கள். தம்பி ஒரு தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி. சங்கரபாண்டி அங்கேதான் மானேஜர். ரவிக்கைத் துணி எதுவும் இல்லாமல், கடைத்தெரு முழுவதும் பார்க்க, இருவரும் படியேறினார்கள்.

"நல்லக்கண்ணு மக சோலையம்மா இங்கன வாராளாமே தாயி?" நாற்காலியில் உட்காரும் முன்பே பெத்தம்மாள் கேட்டுவிட்டாள். "எதுக்கு வாரான்னு கேக்கல. அது எனக்கெதுக்கு? வாராளா, வரலையா? அதை மட்டும் சொல்லு."

பத்திரகாளி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இங்க யாரு வாராக, யாரு வரலன்னு நான் யாருகிட்டயும் சொல்லுததில்லம்மா."

"நாங்க யாரோ இல்லயே" என்றார் முதலாளி. "ஒன் வீட்டுக்காரன் நம்ம ஆபீஸ்லதான இருக்கான்?"

"அவுககிட்டயும் சொல்லுததில்ல மொதலாளி."

அக்காளும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேஜையில் இருந்த தண்ணீரைப் பெத்தம்மாள் ஒரு மடக்குக் குடித்தாள். எழுந்து வந்து பத்திரகாளியின் கன்னத்தைத் தொட்டாள்.

"வெவரமான பிள்ள. ஒனக்கும் பாவம் வரக் கூடாதுல்ல" என்றாள்.

போய்விட்டார்கள். பத்திரகாளிக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பணக்காரி, முதலாளியின் அக்காள், வந்து மிரட்டாமல் மரியாதையாக எழுந்து போகிறாளே என்று நினைத்தாள். படித்தவளுக்கு அவ்வளவுதான் அறிவு வேலை செய்தது.

அந்தப் பக்கத்தில் பெண் விசாரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. கல்யாணத்தைக் கெடுத்த பாவத்தைத் தலையில் போட்டுக்கொள்ள யாரும் தயாரில்லை. அதனால் எந்தப் பெண்ணைப் பற்றியும் யாரும் கெட்டது சொல்வது கிடையாது. நல்ல பெண் என்றால் தங்கமான பிள்ளை என்று சொல்லி, வந்தவர்களுக்குக் காப்பியும் கொடுப்பார்கள். இல்லையென்றால், "எங்களுக்கு அவ்வளவாப் பழக்கமில்ல, வேற யாரையாவது கேளுங்க" என்பார்கள். கேட்க வந்தவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். பொய்யும் சொல்லவில்லை, பழியும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது. பத்திரகாளி அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். அவளைப் பற்றியும் அப்படித்தான் நாலு வீட்டில் விசாரித்தார்கள். அத்தனையும் தெரிந்தவள், ஆலோசகர் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெங்களூரில் சொல்லிக்கொடுத்ததை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாள். சொல்லுததில்ல என்று அவள் சொன்னது பெத்தம்மாள் காதில் ஆமாம் என்று விழுந்தது.

அந்த வாரமே நல்லக்கண்ணு வந்தார். உட்காரவில்லை.

"பாக்கு வெத்தல மாத்த நாள் குறிச்சாச்சு தாயி. நேத்து ஆள் அனுப்பி வேண்டாம்னுட்டாக."

"நான் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி."

"அதைத்தான தாயி கேக்கேன்! ஒண்ணும் சொல்லாம விட்டியே! எம் பிள்ளய கோடாங்கி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனப்ப தெருவே பாத்துச்சு. அது தெரிஞ்சுதான் பொண்ணு கேட்டு வந்தாக. பேய்தான, வந்துச்சு, போயிருச்சுன்னாக. இப்ப என்ன சொல்லுதாக தெரியுமா? இது ரத்தத்துல இருக்க கிறுக்காம். அக்காளுக்கும் இதான் இருந்திருக்கும், அதான் கெணத்துல விழுந்தாளாம். செத்தவளுக்கும் சேத்துப் பட்டம் கெட்டிட்டாக."

பத்திரகாளிக்கு உடம்பு எரிந்தது. பேய் வெளியே இருந்து வந்த அசலூர்ச் சனியன். அது பிடித்த பெண் பாவம். ஆனால் அக்காள் செத்த துக்கத்தை வாய்விட்டுச் சொன்ன பெண் மட்டும் கெட்ட ரத்தம். சாட்டையால் அடி வாங்கினால் குடும்பத்துக்குக் கௌரவக் குறைச்சல் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் குறைச்சல். கொன்றவன் வீட்டு ரத்தத்தை யாராவது போய் விசாரித்தார்களா? அவன் மறுகல்யாணம் பண்ணி இரண்டு பிள்ளைகளோடு இருந்தான்.

"'அப்படி யாரும் வரல'ன்னு ஒரு வார்த்த ஒனக்கு வாயில வரலையா தாயி?"

"ஒங்க மகளுக்கு வரலன்னு சொன்னா, நாளைக்கு இன்னொரு பிள்ளையக் கேக்கும்போது நான் பேசாம இருந்தா, அவ வந்தான்னு ஆயிரும் அண்ணாச்சி. நான் எல்லாருக்கும்..."

"இன்னொரு பிள்ள! எனக்கு எதுக்கு இன்னொரு பிள்ள? எனக்கு இருந்தது ரெண்டு. ஒண்ணு கெணத்தோட போச்சு." அவர் கதவுப் பக்கம் போய்த் திரும்பினார். "ஒன் சட்டத்த நீயே நல்லா வச்சுக்க."

சங்கரபாண்டிக்கு இதெல்லாம் ஆபீஸ் வழியாகத் தெரிந்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற பெண்களின் கைகள் வேலை செய்யும்போது வாய்கள் சும்மா இருப்பதில்லை. சாப்பிடும்போது கேட்டான்.

"எல்லாருக்கும் வரலன்னே சொல்லிட்டுப் போயேன் காளி. கேட்டவன் எல்லாருக்கும் வரல, வரல. ஒரு வேலை முடிஞ்சுதுல்ல?"

"படியேறுனதக் கண்ணால பாத்தவன் கீழ நிக்கான். ஒரு தடவ நான் சொன்னது பொய்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் நெசமாவே வராத பிள்ளைக்கும் என் வார்த்த செல்லாது. எங்கிட்ட வாரவளும் என்ன நெனைப்பா? இவ பொய் சொல்லுதவ, எங்கிட்டயும் பொய்தான் சொல்லுவான்னு நெனைக்க மாட்டாளா?"

"எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருக்க. அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் வச்சிருக்க?"

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தாள்.

புதன்கிழமை சோலையம்மாள் வரவில்லை. அதற்கடுத்த புதனும் வரவில்லை. போய்ப் பார்க்க வேண்டும் என்று பத்திரகாளிக்குக் கால் துடித்தது. ஆனால் எப்படிப் போவது? கிறுக்கு மாடிக்காரி நாகலாபுரம் பஸ்ஸில் இறங்கி நல்லக்கண்ணு வீட்டுக்கு வழி கேட்டால், ஊரில் பாதிக்குத் தெரிந்தது மீதிக்கும் தெரிந்துவிடும். மன்னிப்புக் கேட்கக்கூட அந்தத் தெருவுக்குள் நுழைய முடியாத ஒரு வேலை. அதை நினைத்தபோது கதவைப் பூட்டிவிட்டுப் போர்டைக் கழற்றிப் பிச்சையாவின் அடுப்பில் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

அவளை நம்பி வந்துகொண்டிருந்த மற்றவர்களும் குறைந்தார்கள். சொல்லாமலே காட்டிக் கொடுத்துவிடுகிறாள் என்று பேச்சு. அவள் வாயைத் திறந்து யாரையும் காட்டிக் கொடுத்ததில்லை. இருந்தும் அந்தப் பேச்சை மறுக்க முடியவில்லை.

மிளகாய் பழுக்கிற காலத்தில் குளத்தூரிலிருந்து ஒரு புருஷனும் பொஞ்சாதியும் வந்தார்கள். அமைதியானவர்கள். உட்கார்ந்து, வெயிலைப் பற்றிப் பேசி, விளைச்சலைப் பற்றிப் பேசி, அப்புறம் விஷயத்துக்கு வந்தார்கள். பெத்தம்மாளின் மகள் பெருமாயியைத் தங்கள் பையனுக்குப் பார்த்திருக்கிறார்கள்.

"பெத்தம்மாவும் தம்பியும் கார்ல வந்து இந்த மாடி ஏறினாகன்னு கடைத்தெருவுல சொல்லுதாக. தப்பா நெனைக்காத தாயி. அந்தப் பிள்ளைக்காகவா வந்தாக?" என்றாள் அந்த அம்மாள்.

பெத்தம்மாள் அடுத்தவள் மகளை விசாரிக்க ஏறிய படி, அவள் மகளை விசாரிக்கிற படியாகிவிட்டது. பெருமாயி எப்படி இருப்பாள் என்றுகூடப் பத்திரகாளிக்குத் தெரியாது. அவள் எந்தக் காலத்திலும் இங்கே வந்ததில்லை. "வரல" என்று சொன்னால் அது உண்மை. உண்மையைச் சொல்வதில் என்ன தப்பு? தப்பு என்னவென்றால், பெருமாயிக்கு வாய் திறந்தவள் சோலையம்மாளுக்கு ஏன் திறக்கவில்லை என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த ஜில்லாவில் ஆயிரம் பேர் இருந்தார்கள்.

"இங்க யாரு வாராக, யாரு வரலன்னு நான் யாருகிட்டயும் சொல்லுததில்லம்மா" என்றாள். இந்தத் தடவை அதோடு நிறுத்தவில்லை. "யாரக் கேட்டாலும் இதான் சொல்லுவேன். ஒங்களப் பத்தி யாராவது வந்து கேட்டாலும் இதான். இதுக்கு உள்அர்த்தம் ஒண்ணும் கெடையாது."

"புரியுது தாயி" என்றார் அந்த மனிதர். துண்டை உதறித் தோளில் போட்டார்.

ஒரு மண்ணும் புரியவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் படியிறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது உள்ளே ஜில்லென்று இருந்தது. நல்லா வேணும் பெத்தம்மாளுக்கு என்று இருந்தது. அந்தச் சந்தோஷத்தை அவள் வேறு பெயர் சொல்லி மறைத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெருமாயி ஞாபகத்துக்கு வந்தாள். முகம் தெரியாத ஒரு பெண், எங்கோ ஒரு வீட்டில், தான் என்ன செய்தோம் என்று தெரியாமல் அழப்போகிறாள். ஜில்லென்று இருந்தது போய்விட்டது.

இரண்டொரு நாளில் சங்கரபாண்டி மத்தியானமே வீட்டுக்கு வந்தான். குளத்தூர்ச் சம்பந்தம் நின்றுபோயிருந்தது. அக்காள் மகள் கல்யாணம் முடிவாகிற வரைக்கும் ஆபீஸ் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

"நீ வாய மூடிக்கிட்டு இருக்கணும்னா நான் வேலைய விடணும், அப்படித்தான?" என்றான். சத்தம் போடவில்லை. பாயை விரித்துப் போட்டுப் படுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அம்பாசிடர் வந்தது. பெத்தம்மாள் தனியாக ஏறி வந்தாள். படியேறும்போதே சத்தம் வந்துவிட்டது.

"ஏட்டி! என் மவ இந்தப் படிய மிதிச்சிருக்காளா?"

"உக்காருங்க."

"உக்கார வரல. மிதிச்சிருக்காளா?"

"நான் யாரப் பத்தியும் சொல்லுததில்ல."

"பெத்தவகிட்டயே சொல்ல மாட்டியா? எனக்குத் தெரியாதா அவ மிதிக்கலன்னு?"

"தெரியும்லா? பின்ன ஏன் என்னயக் கேக்குதீங்க?"

பெத்தம்மாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"குளத்தூர்க்காரவுகளுக்கு ஆள் அனுப்பிச் சொல்லு. அந்தப் பிள்ள இங்கன வரவே இல்லன்னு. ஒன் புருஷன நாளைக்கே ஆபீஸுக்கு வரச் சொல்லுதேன்."

"மாட்டேன்."

"பழி வாங்குத. நல்லக்கண்ணுக்கும் ஒனக்கும் என்னட்டி ஒறவு?"

"குளத்தூர்க்காரவுக துண்ட ஒதறிட்டுப் போனப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்காக அப்படிச் சொல்லல. அன்னைக்கு ஒங்ககிட்ட என்ன சொன்னேனோ அதேதான் அவுககிட்டயும் சொன்னேன். நான் சொன்னதுக்கு நீங்க என்ன அர்த்தம் எடுத்தீங்க?"

"ஊரு எடுக்குத அர்த்தந்தான்."

"அவுகளும் ஊர்க்காரவுகதான்."

கீழே தையல் மெஷின் நின்றுபோயிருந்தது. பிச்சையா காதைத் தீட்டிக்கொண்டிருந்தான். பெத்தம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அது மகளுக்காகவா, தோற்றதற்காகவா என்று பத்திரகாளிக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் அன்று அவளுக்கு இஷ்டமில்லை.

"எம் பிள்ள ஒரு தப்பும் பண்ணல" என்றாள் பெத்தம்மாள்.

"எந்தப் பிள்ளயும் ஒரு தப்பும் பண்ணல."

"இப்ப என்னதான் செய்யச் சொல்லுத?"

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாக. நீங்க போய்ச் சொல்லுங்க. அந்த மாடிக்காரி யாரக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவா, அதுல ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க. குளத்தூர்ல மட்டும் சொன்னா, மகளுக்காகப் பேசுதான்னு நெனைப்பாக. நாகலாபுரத்துல சொல்லுங்க, எட்டயபுரத்துல சொல்லுங்க. ஒங்க வாயி எட்டுத ஊர்லெல்லாம் சொல்லுங்க."

பெத்தம்மாள் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தாள். கணக்குப் போடுகிற பார்வை. போட்டு முடித்ததும் புருவம் சுருங்கியது.

"அப்ப அந்த நல்லக்கண்ணு மவ? அவளும் வரவே இல்லயா?"

"சொல்லுததில்ல."

"நாசமாப் போறவளே" என்று சொல்லிவிட்டுப் பெத்தம்மாள் எழுந்து போனாள்.

ஆனால் சொன்னாள். அவளுக்கு வேறு வழியில்லை. கல்யாண வீட்டில், பஸ்ஸில், சந்தையில், மிளகாய்க் களத்தில் என்று பார்த்த இடத்தில் எல்லாம் சொன்னாள். "அது ஒரு அரைக்கிறுக்கு. மாடியில உக்காந்துக்கிட்டுச் சொல்லுததில்ல, சொல்லுததில்லன்னு கூவும். எம் மவளக் கேட்டாலும் அதான், ஒம் மவளக் கேட்டாலும் அதான், கலெக்டர் பொண்டாட்டியக் கேட்டாலும் அதான். அதுகிட்டப் போயி விசாரிக்கவன்தான் மொத கிறுக்கு" என்றாள். சொந்தச் செலவில் போர்டு மாட்டியும் பத்திரகாளியால் ஊருக்குப் புரிய வைக்க முடியாததைப் பெத்தம்மாளின் தொண்டை ஒரு பருவத்துக்குள் புரிய வைத்துவிட்டது. விசாரிக்கிறவர்கள் மாடிக்கு வருவது நின்றது. பேசுகிறவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப வந்தார்கள்.

குளத்தூர்ச் சம்பந்தம் கூடி வந்தது. சங்கரபாண்டியை ஆபீஸுக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் போகவில்லை, சாத்தூரில் வேறு ஆபீஸ் பார்த்துக்கொண்டான். தினமும் பஸ்ஸில் போய் வந்தான். அவளோடு பேசுவது குறைந்துபோனது. வாத்தியாருக்கு அம்மா வேறு இடத்தில் பெண் பார்த்து முடித்தாள். கொல்லைப் பக்கம் நின்று அவ்வளவு பேசியவர், அம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை. நல்லக்கண்ணு வீட்டுக்கு யாரும் போய்த் தப்பாகிவிட்டது என்று சொல்லவில்லை. தப்பு என்று யாரும் நினைக்கவும் இல்லை.

சோலையம்மாள் வந்தது அந்த வாத்தியார் கல்யாணம் முடிந்த பிறகு. கையில் துணி எதுவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு நேராக உட்கார்ந்தாள். இளைத்திருந்தாள். ஆனால் தரையைப் பார்க்கவில்லை.

"நான் இன்னைக்குப் பேச வரல. ஏச வந்தேன்" என்றாள்.

"ஏசு."

"பொய் சொன்னா ஒங்க நாக்கு அழுகிருமோ? எங்க அக்கா செத்தப்ப போலீசு ஒரு பொய் சொன்னான். எங்க ஐயா அதுல கையெழுத்துப் போட்டாரு. பேப்பர்க்காரன் போட்டான். கோடாங்கி அவன் பங்குக்கு ஒண்ணு சொன்னான். அம்புட்டுப் பொய்யும் எங்க தலையில. எனக்குன்னு, எனக்காக, ஒரே ஒரு பொய் சொல்ல இந்த ஒலகத்துல ஒரு ஆளு இல்ல. ஒங்களயும் சேத்துத்தான் சொல்லுதேன்."

பத்திரகாளியிடம் பதில் தயாராக இருந்தது. புருஷனிடம் சொன்ன பதில். படியேறியதைப் பார்த்தவன், வராத பிள்ளை, வார்த்தை செல்லாமல் போவது என்று ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த பதில். அது சரியான பதில்தான் என்று இப்போதும் நினைத்தாள். வாயைத் திறந்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். இப்போது அவள் வாயை மூடிக்கொண்டதற்குச் சட்டம் காரணமில்லை. சரியான பதிலை வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்பதுதான் காரணம்.

"அந்த ஆளு ஒரு வார்த்த பேசல பாத்தீங்களா?" சோலையம்மாளின் குரல் ஏறியது. "வயித்துவலி இல்லன்னு தெரியும்னானே! அம்புட்டும் தெரிஞ்சவன், அவுக அம்மா வேண்டாம்னதும் சரிங்கானே! அவனுக்காகவா நான் கை நடுங்கிக்கிட்டுக் காப்பி தூக்கிட்டுப் போனேன்? நான் சரின்னு சொன்னேனே, என் வாழ்க்கையிலயே நான் சொன்ன மொதச் சரி அது. அத எவன்கிட்டப் போயிச் சொல்லியிருக்கேன்!"

மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். தண்ணீர் வைத்திருந்த டம்ளர் குதித்தது. இந்தப் பெண் இத்தனை மாதத்தில் ஒருதடவைகூடக் கோபப்பட்டதில்லை என்பது பத்திரகாளிக்கு ஞாபகம் வந்தது. அக்காளைக் கொன்றவன்மேல்கூட. விழுந்திருக்கிறாள், அழுதிருக்கிறாள், கோபப்பட்டதில்லை.

சோலையம்மாள் டம்ளரை எடுத்துக் குடித்தாள். உதட்டைப் புறங்கையால் துடைத்தாள். நாற்காலியை மேஜைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"இன்னும் முடியல. ஒங்களுக்கே இன்னும் பாதி இருக்கு. அது முடிஞ்சதும் எங்க ஐயா" என்றாள்.